கிளப் போன ஓவல்கள்: மெல்பர்னின் பழைய ஃபுட்டி மைதானங்கள் பிழைப்பதும் அழிவதும்

மெல்பர்னின் பழைய ஃபுட்டி (ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்து) மைதானங்களை, அதாவது நீள்வட்ட ஓவல்களை, ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கிளப் காலி செய்துகொண்டு போன இடத்தில் பழைய ஸ்டாண்ட் நிற்கிறது. கிளப் தங்கிவிட்ட இடத்தில் பெரும்பாலும் அது போய்விட்டது. ஃபிட்ஸ்ராய் கிளப் 1966இல் விட்டுப்போன பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவலில் 1888ஆம் ஆண்டு ஸ்டாண்ட் இன்றும் இருக்கிறது. ஹாத்தார்ன் விட்டுப்போன கிளென்ஃபெரி ஓவலில் 1938இல் கட்டிய வளைந்த செங்கல் ஸ்டாண்ட் இருக்கிறது. சவுத் மெல்பர்ன் கிளப் 1982இல் சிட்னிக்கே குடிபெயர்ந்தது. லேக் ஓவலின் 1926 ஸ்டாண்ட் ஏரிக்கரையிலேயே நின்றுகொண்டது. நார்த் மெல்பர்ன் கிளப் இன்றும் பயிற்சி செய்யும் ஆர்டன் ஸ்ட்ரீட்டிலோ பழைய ஸ்டாண்டுகள் இல்லை. ரிச்மண்ட் தங்கியிருக்கும் பண்ட் ரோடு ஓவலில், 1914இல் எழுந்த ஜாக் டையர் ஸ்டாண்டை அகற்றி மைதானத்தை அகலமாக்குவதே கிளப் போட்ட திட்டம்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. காசுள்ள கிளப்புக்கு உடற்பயிற்சிக்கூடம் வேண்டும், நீச்சல் தொட்டி வேண்டும், அலுவலகம் வேண்டும், எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) அளவுக்குப் பயிற்சி ஓவலும் வேண்டும். நூறு வருட ஸ்டாண்ட் இதற்கெல்லாம் குறுக்கே நிற்கும். கிளப் போன இடத்தில் இடிக்கவும் பணமில்லை. அந்த இடைவெளியில் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றுவதற்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஆனால் பட்டியலில் ஏறுவதும் பிழைப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. விக்டோரியா மாநிலத்தின் ஃபுட்டி லீக்கான விஎஃப்எல்லில் 1925 முதல் பன்னிரண்டு கிளப்புகள். ஜீலாங் தவிர மற்றவை எல்லாம் மெல்பர்ன் நகரத்துக்குள் இருந்தவை. பல காலம் சனிக்கிழமை பிற்பகல் ஒரே நேரத்தில் ஆறு மைதானங்களில் ஆறு ஆட்டம் நடக்கும். எம்சிஜியைத் தவிர்த்தால் எல்லாம் அந்தந்தப் பேட்டையின் மைதானம்; பலவற்றுக்கு ரயில் நிலையம் கூப்பிடு தூரம். ஒரு பக்கம் உறுப்பினர்களுக்கான ஸ்டாண்ட், மற்ற மூன்று பக்கமும் மண் கரை. அந்தக் கரைக்கு 'அவுட்டர்' என்று பெயர். அங்கே நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்; குள்ளமானவர்கள் காலி பியர் டின்களை அடுக்கி ஏறி நிற்பார்கள். காலிங்வுட் கிளப்பின் விக்டோரியா பார்க்கில் 1948இல் ஒரே ஆட்டத்துக்கு 47,224 பேர் வந்தார்கள். இன்று அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வெளியேற்றம் 1965இல் தொடங்கியது. அந்த ஆண்டு ரிச்மண்ட் தன் ஆட்டங்களைப் பண்ட் ரோட்டிலிருந்து எம்சிஜிக்கு மாற்றியது. செயின்ட் கில்டா ஜங்ஷன் ஓவலை விட்டு மூராபினுக்குப் போனது. மூராபினில் அன்று நடந்த முதல் ஆட்டத்துக்குக் கூடிய 51,370 பேரே அந்த மைதானத்தின் உச்சக் கூட்டம். கிளென்ஃபெரியில் கடைசி ஆட்டம் 1973, லேக் ஓவலில் 1981, ஆர்டன் ஸ்ட்ரீட்டில் 1985, எஸ்ஸெண்டனின் விண்டி ஹில்லில் 1991, மூராபினில் 1992, ஃபுட்ஸ்க்ரேயின் வெஸ்டர்ன் ஓவலில் 1997, விக்டோரியா பார்க்கில் 1999, கார்ல்டனின் பிரின்ஸஸ் பார்க்கில் 2005. 2000இல் டாக்லண்ட்ஸ் அரங்கம் திறந்தபின் லீக்குக்கு மெல்பர்னில் இரண்டே அரங்கங்கள் போதுமாயின. ஜீலாங்கின் கார்டினியா பார்க் மட்டும் விலக்கு. ஊரே ஒரே கிளப்பின் பின்னால் நின்றதாலும், மாநில அரசு கட்டம் கட்டமாகப் பணம் போட்டதாலும் அங்கே ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றாகப் புதிதாகி, ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது.

பத்திரத்தில் யார் பெயர்?

ஒரு மைதானத்தின் ஆயுளைக் கணிக்க வேண்டுமென்றால் புல்லையும் ஸ்டாண்டையும் பார்ப்பதற்கு முன் நிலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். உள்நகர ஓவல்கள் பெரும்பாலும் அரசு நிலம். பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கி, கவுன்சிலோ அறங்காவலர்களோ நிர்வகிப்பவை. கிளப் அங்கே வெறும் குத்தகைதாரர். பல இடங்களில் குத்தகை கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. ஃபுட்டி கிளப் குளிர்காலத்துக்கு வந்துபோகும் உள்குத்தகைக்காரர். நுழைவுக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு, பார் வருமானம் யாருக்கு என்ற சண்டைகள்தாம் பல கிளப்புகளை வெளியே தள்ளின. அப்போது அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. பின்னால் பார்த்தால், கிளப்புக்கு உரிமையில்லாமல் இருந்ததுதான் அந்த நிலத்தைக் காப்பாற்றியது. விற்பதற்கு யாருக்கும் பட்டா இல்லை.

பட்டா இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் விஎஃப்எல் பார்க். 1962இல் முல்கிரேவ் புறநகரில் 212 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை லீக்கே சொந்தமாக வாங்கியது. 1,57,000 பேர் கொள்ளும் அரங்கம் என்று வரைபடம் போட்டார்கள். 1970இல் முதல் ஆட்டம் நடந்தது. திட்டமிட்ட ரயில் பாதை கடைசிவரை வரவில்லை. மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியேறுவதே தனிப் போராட்டம். டாக்லண்ட்ஸ் வந்ததும் லீக் இதை வீட்டு மனைக்கு விற்றது. ஓவலும் முதன்மை ஸ்டாண்டின் ஒரு பகுதியும் மட்டும் பாரம்பரியப் பாதுகாப்பால் தப்பின, சுற்றிலும் வீடுகள். அடிலெய்டின் ஃபுட்பால் பார்க்கும் அதே கதை. அது தென் ஆஸ்திரேலிய லீக்கின் சொந்த நிலம். 2014 முதல் பெரிய ஆட்டங்கள் அடிலெய்ட் ஓவலுக்குப் போனபின் ஸ்டாண்டுகள் இடிபட்டு, நிலம் குடியிருப்பானது. பெர்த்தின் சுபியாக்கோ ஓவல் வேறு வழியில் போனது. 2017இல் கடைசி ஆட்டம், 2019இல் இடிப்பு. ஆனால் புல்தரை பொதுவெளியாகவே நீடிக்கிறது. பக்கத்தில் 2020இல் திறந்த பாப் ஹாக் கல்லூரி மாணவர்கள் அதில் விளையாடுகிறார்கள். 1935இல் கட்டிய நுழைவாயில் நிற்கிறது.

ஆகவே உங்கள் பகுதி மைதானத்துக்கு ஆபத்து என்ற பேச்சு கிளம்பினால் மூன்று தாள்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நில உரிமைச் சான்று: அரசு ஒதுக்கீடு என்றால் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கியது என்ற வாசகம் அதில் இருக்கும், 'பொதுப் பொழுதுபோக்கு' என்ற வாசகமே பெரிய கவசம். இரண்டாவது குத்தகைப் பத்திரம்: எப்போது முடிகிறது, பராமரிப்பு யார் பொறுப்பு, காலி செய்யும்போது என்ன நிலையில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது பாரம்பரியப் பட்டியல் பதிவு: மாநிலப் பட்டியலா, கவுன்சில் அளவிலான பாதுகாப்பா, எல்லைக்கோடு எதுவரை. ஸ்டாண்டை மட்டும் சுற்றி எல்லை வரைந்திருந்தால் மண் கரையையும் டிக்கெட் ஜன்னலையும் நாளைக்கே எடுத்துவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வரும் வருடங்கள்

கடைசி ஆட்ட நாளில் எல்லோரும் வந்து அழுவார்கள், புல்லைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். மைதானத்துக்கு உண்மையான கெட்ட காலம் அன்று வருவதில்லை. பயிற்சியும் அலுவலகமும் கிளம்பும் நாளில் வருகிறது. கிளென்ஃபெரியில் ஆட்டம் 1973இல் நின்றது. ஹாத்தார்ன் பயிற்சி 2006 வரை நடந்தது. விண்டி ஹில்லில் ஆட்டம் 1991இல் நின்றது. எஸ்ஸெண்டன் 2013 வரை இருந்தது. விக்டோரியா பார்க்கில் காலிங்வுட் சில வருடங்களில் கிளம்பிவிட்டது. ஆள் இருக்கும் வரை கூரை ஒழுகினால் யாராவது வாளி வைப்பார்கள், பிளம்பரைக் கூப்பிடுவார்கள். கிளம்பியபின் கூப்பிட ஆளில்லை.

கிளப் கிளம்பப் போகிறது என்று தெரிந்தால், சாவி கைமாறுவதற்கு ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு அறையையும் தேதியோடு படமெடுப்பது. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதைப் பழைய பராமரிப்பாளரிடம் கேட்டு வரைந்துவைப்பது. பழைய மைதானங்களில் இந்த அறிவு ஒரே ஒரு மனிதரின் தலையில்தான் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் போச்சு. வெற்றிப் பலகைகள், தகர எண்கள், டிக்கெட் ஜன்னல் பலகைகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுதுவது. அவற்றைக் கழற்றி ஸ்டாண்டுக்குக் கீழ் உள்ள கிடங்கில் போடக் கூடாது. அங்கேதான் ஈரம் அதிகம். இரண்டு குளிர்காலத்தில் தங்க எழுத்து உரிந்துவிடும். இருந்த சுவரிலேயே விடுவது நல்லது.

ஸ்டாண்ட் எங்கே சாகிறது

பழைய ஸ்டாண்டைக் கொல்வது இடிப்பு இயந்திரத்தைவிட அடைபட்ட மழைநீர்க் காவா. கூரைக்குள் மறைந்து ஓடும் பெட்டிக் காவாவில் இலை அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறி உத்தரத்தின் முனையில் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உத்தர முனை உளுத்தபின்தான் கூரை கொஞ்சம் தொங்கும். ஓவலைச் சுற்றி எல்ம், பிளேன் மரங்கள் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு தடவை சுத்தம் செய்தே ஆக வேண்டும்: இலை உதிர்ந்து முடிந்த ஜூனில் ஒன்று, வசந்த மழைக்குப் பிறகு ஒன்று. காவாவைச் சுத்தம் செய்துவிட்டுக் கீழ்க்குழாயை மறப்பதுதான் வழக்கமான தவறு. வாளியில் தண்ணீர் ஊற்றி, அது கீழே சாக்கடையில் போய்ச் சேர்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். பழைய களிமண் குழாய்கள் மரவேரால் உடைந்து, தண்ணீர் அஸ்திவாரத்திலேயே தேங்குவது சகஜம்.

இரண்டாவது இடம் தூணின் அடி. நூறு வருடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் தரையில் ஒரு அடுக்குத் தார் போட்டிருக்கும். வார்ப்பிரும்புத் தூணின் அடிப்பகுதி தாருக்குள் புதைந்து, ஈரத்தில் துருவேறும். தரைத்தளப் பலகைக்கு அடியிலுள்ள ரெட் கம் (ஒருவகை யூகலிப்டஸ்) மரக் கால்களும் அதே ஈரத்தில் உளுக்கும். தரைமட்டத்தைப் பலகைக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டருக்கு இறக்கி, அடைத்துவைத்த காற்றுத் துளைகளைத் திறந்தாலே பாதி வியாதி நின்றுவிடும். செலவு ஒரு வார மண் வேலைதான். இதைச் செய்யாமல் மேலே வண்ணம் பூசுவது வீண். வண்ணம் பூசும்போதும் எச்சரிக்கை தேவை: 1970க்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்வாக உரசித் தேய்க்கக் கூடாது. ஈரமாக்கிச் சுரண்டி, தூளை விரிப்பில் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை ஒட்டவைத்த கூடுதல் கட்டடங்கள். கழிவறை, பார், பத்திரிகையாளர் கூண்டு எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடு. பழைய மின் பலகையின் பின்தட்டும் பெரும்பாலும் அதேதான். விக்டோரியாவில் பத்து சதுர மீட்டருக்கு மேல் அதை அகற்ற உரிமம் பெற்றவர்கள்தான் வர வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பு நாளில் யாரோ ஒருவர் சுத்தியலால் அந்தத் தகட்டைத் தட்டி உடைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. முதலில் மாதிரி எடுத்துச் சோதனை, பிறகு பதிவேடு, அதற்குப் பிறகே உழைப்பு நாள்.

கான்கிரீட் ஸ்டாண்டுக்கு வேறு வைத்தியம். அறுபதுகளில் ஊற்றிய படிக்கட்டுகளில் கம்பிக்கு மேலே கான்கிரீட் மெலிதாக இருக்கும். ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் துரு பல மடங்கு வீங்கும்; மேல்தோல் வெடித்து விழும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கெட்ட இடம் பொத்தென்று சத்தம் தரும். அங்கே சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். மேலே சிமென்ட் பூசி மூடினால் இரண்டு வருடத்தில் அதே துண்டு மறுபடி விழும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டை வெட்டி, துருவை உலோகம் பளிச்சிடும்வரை நீக்கி, துருத்தடுப்புப் பூசி, பிறகே அடைக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவர் விவகாரம் பல ஸ்டாண்டுகளை மூடவைத்திருக்கிறது. இன்றைய கட்டட விதிப்படி ஒரு மீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் தடுப்பு ஒரு மீட்டர் உயரம் வேண்டும். இடைவெளியில் 125 மில்லிமீட்டர் பந்து நுழையக் கூடாது. பழைய வார்ப்பிரும்பு வேலைப்பாடு பெரும்பாலும் இதைவிடக் குட்டை. அதை வெட்டிப் புதிது வைக்க வேண்டியதில்லை. உள்பக்கம் ஒரு சாண் தள்ளி மெல்லிய எஃகுத் தடுப்பு ஒன்றைத் தனியாக நிறுத்தலாம். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், பழையது தொடாமல் இருக்கும். சக்கர நாற்காலிச் சரிவு 14க்கு 1, ஒன்பது மீட்டருக்கு ஒரு சமதளம் என்ற கணக்கில் முன்பக்கத்தை மறைக்காமல் பக்கவாட்டில் ஏறினால் பாரம்பரிய அதிகாரிகளும் எதிர்ப்பதில்லை.

புல்லும் சேறும்

பழைய மைதானங்களின் சேறு பேர்போனது. மூராபினின் சேற்றை எதிரணிகள் ஆண்டுக்கணக்கில் திட்டின. ஆனால் நடுமைதானம் மட்டும் ஏன் அவ்வளவு குழம்பும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோடையில் அது கிரிக்கெட் ஆடுகளம். மெல்பர்னில் ஆடுகளத்துக்குப் போடுவது மெர்ரி ஓடைப் பகுதியின் கறுப்புக் களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. ஃபுட்டியின் 50 மீட்டர் நடுச்சதுரம் அதன் மேலேயே விழுகிறது. சாய்வைக் கூட்டி, மணல் போட்டு, எதைச் செய்தாலும் அந்த இருபது முப்பது மீட்டர் கறுப்புத் திட்டு தண்ணீரை உள்ளே விடாது. இன்றும் புல் ஆடுகளம் உள்ள ஓவலில் மார்ச் கடைசியில் கிரிக்கெட் முடிந்த மறுநாளே அங்கே குளிரில் வளரும் ரைபுல் விதை போட்டுவிட வேண்டும். பத்து நாள் தாமதமானால் மண் குளிர்ந்துவிடும், முதல் ஆட்டத்துக்கு வேர் இருக்காது. சிமென்ட் ஆடுகளம் என்றால் குளிர்காலத்துக்கு மேலே செயற்கைப் புல் சுருளை விரித்து மூடுவது நல்லது. மண் போட்டு மூடினால் சுருங்கி விளிம்பில் பள்ளம் விழும். கணுக்கால் முறிவது அந்த விளிம்பில்தான்.

கால்நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய நீண்ட வறட்சியில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தபின், மெல்பர்ன் கவுன்சில்கள் வேகமாக வெப்பப் புல்லுக்கு மாறின: கிகுயூ, கௌச். கௌச் வேறொன்றுமில்லை, நம் அறுகம்புல்லின் குடும்பம். குறைந்த தண்ணீரில் கோடையைத் தாங்கும். மிதிபட்டாலும் தண்டிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். குறை ஒன்றுதான்: மெல்பர்னின் ஜூன், ஜூலை குளிரில் அது உறங்கிவிடும், ஃபுட்டியோ அப்போதுதான் உச்சத்தில். அதனால் ஏப்ரலுக்குள் மேலே ரைபுல் தூவுவது வழக்கம். கணக்கு இப்படி: 165க்கு 135 மீட்டர் ஓவல் ஏறக்குறைய 1.75 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 300 கிலோ விதை என்றால் 525 கிலோ. வசந்தத்தில் அந்த ரைபுல்லை நீக்க மறந்தால் அது நிழல் கட்டி அறுகை அமுக்கிவிடும். கோடை வந்ததும் ரைபுல் காயும், கீழே வெறும் தரை. இந்த ஒரு தவறு இரண்டு வருட வேலையைக் கெடுக்கும்.

தண்ணீர்க் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் 25 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 1.75 ஹெக்டேருக்கு 4,37,500 லிட்டர். கூட்டம் நடத்தும்போது இந்த எண்ணைச் சொன்னால்தான் மழைநீர்த் தொட்டிக்கு ஏன் காசு கேட்கிறோம் என்பது புரியும். ஐம்பதாயிரம் லிட்டர்த் தொட்டி ஒரு நாளைக்குக்கூடப் போதாது. அது கழிவறைக்கும் ஆடுகளத்துக்கும் மட்டும்தான்.

சேதம் மைதானம் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. உடைமாற்றும் அறைக்கு முன்னால், இரண்டு கோல் சதுரங்களில், விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் பக்கத்தில் புல் முதலில் சாகும். ஒரு பக்கம் மட்டும் விளக்கு இருந்தால் எல்லா அணியும் அங்கேயே பயிற்சி செய்யும். நான்கு கம்பங்களில் எல்இடி விளக்கு போட்டு ஓவல் முழுவதும் சமமாக வெளிச்சம் கொடுப்பது, புல்லுக்குச் செய்யும் பெரிய உதவி. பயிற்சிக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு), உள்ளூர்ப் போட்டிக்கு 100 லக்ஸ் போதும். வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் குளிர்காலத்தில் மிதித்தால் இயற்கைப் புல் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மணி நேரம் ஒதுக்கிவிட்டு, புல் பிடிக்கவில்லை, செயற்கைத் தரை போடுவோம் என்று சொல்லும் கவுன்சில்களும் உண்டு. அங்கே மாற்ற வேண்டியது அட்டவணை.

அவுட்டர் கரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் கரைகள் பல இடங்களில் குப்பையும் சாம்பலும் இடிபாடும் கொட்டி உயர்த்தியவை. அழகுபடுத்துகிறோம் என்று வெட்டத் தொடங்கினால் ஈயமும் தாரும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் வெளிவரும். மண்ணை அப்புறப்படுத்தும் செலவு திட்டத்தின் பாதியைத் தின்றுவிடும். வெட்டுவதற்கு முன் துளையிட்டு மண் சோதனை செய்யுங்கள். வெட்டாமல் மேலே நல்ல மண் போட்டு மூடுவது பெரும்பாலும் மலிவு. ஐந்துக்கு ஒன்று சரிவு இருந்தால் புல்வெட்டி பத்திரமாக ஓடும். நாலுக்கு ஒன்றைவிடச் செங்குத்தானால் கவிழும் அபாயம் உண்டு.

வேலி

விக்டோரியா பார்க்கைப் புதுப்பித்தபோது எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது, வெளிவேலியைத் திறந்துவிட்டது. பணம் கட்டி நுழைந்த இடம் இப்போது பூங்கா. குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள், ஸ்டாண்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஆள் நடமாட்டம் உள்ள ஸ்டாண்டில் தீவைப்பும் கிறுக்கலும் குறைவு. பூட்டிவைத்த ஸ்டாண்டில்தான் அவை நடக்கும். திறக்கும்போது பழைய சுழல்வாயிலையும் டிக்கெட் ஜன்னலையும் இருந்த இடத்திலேயே விட வேண்டும். அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் அவை வெறும் இரும்பு.

திறந்தால் நாய்கள் வரும். நாய்க்காரர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சண்டை வராத திறந்த ஓவல் கிடையாது. நேரம் பிரித்துப் பலகை வைப்பது உதவும். அதைவிட, ஓவலுக்கு வெளியே வேலியிட்ட நாய்த்திடல் ஒன்று கொடுப்பது அதிகம் உதவும். தோண்டிய குழிகளை நிரப்ப வாயிலருகே மணல் தொட்டியும் சிறு மண்வாரியும் வைத்தால், பாதிப் பேர் தாமாகவே நிரப்பிவிட்டுப் போகிறார்கள்.

பலகைகளில் எதை எழுதுவது என்பதும் பராமரிப்பின் பகுதியே. 1993 ஏப்ரல் 17 அன்று விக்டோரியா பார்க்கில், ஆட்டம் முழுதும் கூட்டத்தின் இனவெறி வசைகளைக் கேட்ட செயின்ட் கில்டாவின் நூங்கார் பழங்குடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார், வெற்றிக்குப் பிறகு பனியனைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டினார். அவருடைய அந்தக் கோலத்துக்குச் சிலை பெர்த்தில் இருக்கிறது. நடந்த இடம் அபட்ஸ்ஃபோர்டு. வெற்றிக் கோப்பைகளை மட்டும் எழுதும் பலகை பொய் சொல்லும் பலகை. அவுட்டரில் நின்றவர்கள் கத்திய வசையும் அந்த மண்ணின் வரலாறுதான். அதைச் சொல்லும் தைரியம் இல்லாவிட்டால் இடத்தைக் காப்பாற்றிப் பயனில்லை.

பெண்கள் வந்தபின்

2017 பிப்ரவரி 3 அன்று பிரின்ஸஸ் பார்க்கில் பெண்கள் லீக்கின் முதல் ஆட்டம். கார்ல்டனும் காலிங்வுட்டும். 24,568 பேரோடு வாயிலை மூட வேண்டியதாயிற்று. உள்ளே வர முடியாமல் வெளியே நின்ற கூட்டத்திடம் லீக்கின் தலைமை அதிகாரியே வந்து மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஆண்களின் லீக் ஆட்டம் இல்லாத ஓவல் அது. அதற்குப் பிறகு விக்டோரியா பார்க், விட்டன் ஓவல் என்று பெயர் மாறிய வெஸ்டர்ன் ஓவல், பண்ட் ரோடு, மூராபின், ஆர்டன் ஸ்ட்ரீட், விண்டி ஹில் என்று பழைய பெயர்கள் எல்லாம் ஆட்ட அட்டவணையில் மறுபடி ஏறின. ஒரு லட்சம் இருக்கை தேவையில்லாத, ஆனால் வேலியோரம் நின்று ஆட்டக்காரரின் மூச்சைக் கேட்க விரும்புகிற கூட்டத்துக்கு இந்த ஓவல்கள் அளவெடுத்துத் தைத்தவை.

பழைய அறைகளோ ஆண்களுக்கு மட்டும் என்று கட்டியவை: சுவரோரம் நீண்ட சிறுநீர்த் தொட்டி, தடுப்பே இல்லாத பொதுக் குளியல். மாற்றும்போது ஒரு ஆண் அறை, ஒரு பெண் அறை என்று பிரிக்காதீர்கள். இரண்டு அறையையும் ஒரே மாதிரி, பூட்டக்கூடிய தனித்தனிக் கழிவறை, குளியலறைகளோடு செய்தால் எந்த அணியும் எதையும் பயன்படுத்தலாம். அறைக்கு 45 முதல் 55 சதுர மீட்டர் போதும். நடுவர்களுக்கும் அப்படியே, இருபாலரும் வரக்கூடிய அறை. பழைய ஸ்டாண்டின் வயிற்றுக்குள் இதைத் திணிக்க முடியாவிட்டால் திணிக்க வேண்டாம். ஸ்டாண்டின் பின்னால், கூரை விளிம்பைவிடத் தாழ்வாக, தனிக் கட்டடம் எழுப்பலாம். செங்கல்லை வெட்டிக் குழாய் ஓட்டுவதைவிட அது மலிவு. ஈரமும் பழைய சுவருக்குப் போகாது.

ஃபிட்ஸ்ராய் கிளப் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட்டை விட்டபின் பிரின்ஸஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்ஸஸ் பார்க், வெஸ்டர்ன் ஓவல் என்று முப்பது வருடம் வாடகை வீட்டுக் குடித்தனமாக அலைந்தது. 1996 செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடியது. அதன் லீக் பிரிவு பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. 2009 முதல் அமெச்சூர் லீக்கில் அதே பெயரும் அதே நிறமும் மறுபடி களமிறங்கின. ஆடும் இடம் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் ஓவல். குளிர்காலச் சனிக்கிழமைகளில் 1888 ஸ்டாண்டின் படிகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.